தாளின் கிழக்கு ஓரம்

போன மாதம் தம்பி மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வந்தவள் மூன்று நாளும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. உலகம் அழிந்த பிறகு நடக்கிற ஒரு விளையாட்டாம். குண்டு விழுந்து ஊரெல்லாம் சாம்பலாகிவிட்டது. மிஞ்சிய நாலைந்து பேரை இவள் நடத்திக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவர் அசையலாம். அதுவரை எதிரிகூட ஓங்கிய கத்தியோடு பொறுமையாக நிற்கிறான்.

"இதுல எது நல்லா இருக்கு, எது சொதப்பல்னு எழுதப் போறேன் அத்தை. நீங்களும் பாத்துச் சொல்லுங்க," என்றாள். கிழவிக்கு என்ன தெரியப் போகிறது என்ற சிரிப்பு அவள் உதட்டோரத்தில் இருந்தது.

ஒரு மணி நேரம் பார்த்தேன். படம் பிரமாதம். இடிந்த கட்டடங்களுக்குள் இருட்டு அப்படியே இருட்டாக இருந்தது. "ஏண்டி, இவங்க முறைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது கடல் வத்துமா?" என்று கேட்டேன். "கடலே இல்ல அத்தை இதுல," என்றாள். அப்படியானால் இதில் பாதி குறைந்துபோயிற்று என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை நான் அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே விளையாடியிருக்கிறேன். மின்சாரம் இல்லாத இடத்தில், ஈரத்தில் கெட்டுப்போன ஒரு சர்வே தாளின் மேல்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். அந்தமானில் வண்டூருக்கு மேற்கே, கடலுக்குள் இருந்த ஒரு சின்னத் தீவில் எங்கள் கேம்ப். என் வீட்டுக்காரர் சர்வேயர். புதிதாகக் கொண்டுவந்து குடியேற்றப் போகிற குடும்பங்களுக்கு அங்கே நிலம் தேறுமா என்று காட்டை அளந்துகொண்டிருந்தார். மழை பிடித்ததும் கூலியாட்களை எல்லாம் கடைசி லாஞ்சில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சாமான்களுக்குக் காவலாக நாங்கள் ஐந்து பேர் தங்கினோம். கடல் ஏறி இறங்கும் நாலா ஓடையின் கரையில் குடிசை போட்டிருந்த இரண்டு தெலுங்குப் படகுக்காரர்களையும் சேர்த்தால் ஏழு.

ஐந்து பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலிப் பக்கம். காண்டிராக்டர் மதுரைக்காரர், ஐம்பதை நெருங்கியவர், பேசினால் கூரை அதிரும். கம்பவுண்டர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர். மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த கப்பலில் முழுப் பயணமும் கண்ணைத் திறக்காமல் படுத்துக் கிடந்ததாக அவரே சொல்வார். ஐந்தாவது ஆள் வயர்லெஸ் ஆபரேட்டர். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். கைதிகளின் காலத்தில் வந்த குடும்பம். அவன் தமிழில் பாதி இந்தியாக இருக்கும். என்னைவிட இரண்டு வயது பெரியவன்தான், ஆனால் 'பாபி, பாபி' என்று அண்ணி முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. கம்பவுண்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னது தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "புள்ள இன்னும் திரும்பலீங்க. கால் கீழ இருக்கு. கடைசி வரைக்கும் இப்படியே இருந்துட்டா என்னால ஆகாது. டாக்டர் கையில இருக்கணும்." அடுத்த லாஞ்சில் நான் போர்ட் பிளேருக்குப் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. பதினைந்து நாளைக்கு ஒரு முறை வர வேண்டிய லாஞ்ச் அது. வரவில்லை. அடுத்த பதினைந்து நாளும் வரவில்லை. கடல் அப்படி இருந்தது.

பிறகு வயர்லெஸ்ஸும் செத்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் எஞ்சின் கெட்டுப்போய், பெட்டியிலிருந்து இரைச்சல்கூட வராமல் போயிற்று. ஆபரேட்டர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"மெயின்லேண்ட் கதம், முடிஞ்சுபோச்சு," என்றான். "ஆட்டம் பாம் போட்டுட்டான். போர்ட் பிளேரும் கதம். இப்போ துனியாவுல நாம அஞ்சு பேருதான். தேகோ, எப்படி வாழறதுன்னு பாக்கலாம்."

ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. மறுநாளே என் வீட்டுக்காரரிடம் பூஞ்சை பிடித்த ஒரு தாளை வாங்கி மேசையில் விரித்தான். அதில் எங்கள் தீவு முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. தீவு தாளின் மேற்குப் பாதியில், கேம்ப் அதன் கிழக்குக் கரையில். கிழக்கே நாலு கட்டம் கடல். அதோடு தாள் முடிந்துவிடும். வண்டூர் தாளில் இல்லை. படகு அந்தக் கிழக்கு ஓரத்தைத் தாண்டினால் அதில் இருப்பவர்கள் பிழைத்தார்கள் என்று கணக்கு. ஆட்டம் அங்கே முடியும்.

ஆளுக்கு ஒரு சிப்பி, அதுதான் நாம். ஆளுக்குப் பத்துக் குன்றிமணி, அதுதான் உயிர். முறைக்கு 'பாரி' என்று பெயர். அந்தமான் இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு பாரிக்கு மூன்று காரியம் செய்யலாம். நடப்பது ஒன்று, தேடுவது ஒன்று, அடுத்தவருக்கு உதவுவது ஒன்று. வெட்டவெளியில் நடக்கச் சோழி வேண்டாம். ஆனால் கூரை போட்ட எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், அது ஸ்டோர் ஷெட்டோ யுத்த காலத்தில் ஜப்பான்காரன் கட்டிவிட்டுப் போன பங்கரோ, ஆறு சோழியைக் குலுக்கிப் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சோழிதான் சொல்லும். ஆறும் கவிழ்ந்து விழுந்தால் நுழைந்தவர் செத்தார். அவருடைய குன்றிமணிகளை அள்ளி டப்பாவில் போட்டுவிடுவார்கள்.

இதைவிட முக்கியமான சட்டம் ஒன்று. ஒருவர் பாரி நடக்கும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது, இருமி ஜாடை காட்டவும் கூடாது. மீறினால் ஒரு குன்றிமணி போச்சு.

ஆட்டத்தின் பலம் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். காண்டிராக்டர் மாதிரி ஒரு மனுஷரை அரை மணி நேரம் வாயை மூடி உட்கார வைத்த விஷயம் உலகத்தில் வேறு எதுவும் இருந்திருக்காது. என்னைப் போல ஒரு பெண்பிள்ளை யோசித்து முடிக்கும்வரை நாலு ஆண்கள் காத்திருந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் எனக்கு அது வாய்த்ததில்லை. பசியும் நிஜமாக இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு குன்றிமணி சாப்பாட்டுக்கென்று போய்விடும். மேசையில் மணி குறையக் குறைய எனக்கு நிஜமாகவே வயிறு காந்தும்.

குறைகளும் இருந்தன. ஆபரேட்டர் சோழிக்கு மிஞ்சிய அதிகாரம் கொடுத்துவிட்டான். எவ்வளவு யோசித்து ஆடினாலும் ஆறு கவிழ்ந்தால் ஒன்றுமில்லை. சட்டத்தில் சந்தேகம் வந்தால் அவனே வக்கீல், அவனே ஜட்ஜ். எல்லாவற்றையும்விட மோசமானது பலவீனம் எழுதுகிற வேலை.

ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தன் பலத்தைத் தானே எழுத வேண்டும். பலவீனத்தை இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எழுதுவார். காண்டிராக்டர் தன் பலம் 'படகு' என்று எழுதினார். கேம்ப்பில் இருந்த ஒரே டோங்கி, மோட்டார் வைத்த மரப்படகு, அவருடையதுதான். அவருக்குப் பலவீனம் 'கோபம்' என்று ஆபரேட்டர் எழுதினான். ஆபரேட்டருக்கு 'எல்லாமே விளையாட்டு' என்று என் வீட்டுக்காரர் எழுதினார். கம்பவுண்டரின் பலம் 'மருந்து', பலவீனம் 'கடல்'. கடலில் ஒரு கட்டம் போனால் அவருக்கு ஒரு உயிர் குறையும் என்று வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தன் பலம் 'வழி தெரியும்' என்று எழுதிக்கொண்டார். அவர் பலவீனத்தை நான்தான் எழுத வேண்டும். பென்சிலை வாங்கி யோசிக்காமல் எழுதினேன்: 'முடிவெடுக்க மாட்டார்.'

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மெட்ராஸில் எனக்குச் சேலை எடுக்கப் போய் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் கடைக்காரனையே எடுத்துக் கொடுக்கச் சொன்ன மனுஷர் அவர்.

என் பலம் 'பசி தாங்குவேன்'. கம்பவுண்டர் எனக்கு எழுதினார்: 'இரண்டு உயிர்.' அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் ஆபரேட்டர் அதற்குச் சட்டம் போட்டான். ஒரு சுற்றுக்கு எனக்கு இரண்டு குன்றிமணி சாப்பாடு. படகில் எனக்கு இரண்டு இடம்.

படகில் மொத்தம் நாலு இடம். கம்பவுண்டர் கடல் வேண்டாம் என்று எப்போதும் கரையிலேயே நின்றுவிடுவார். மிச்சம் மூன்று ஆண்களும் ஏறினால் ஒரு இடம் காலியாக இருக்கும். எனக்கு இரண்டு வேண்டும். ஆக, ஒரு இடம் சும்மா போனாலும் போகும், நான் போக முடியாது. மூன்று பேரில் ஒருவர் இறங்கிக்கொண்டால் நான் ஏறலாம். காண்டிராக்டர் தன் படகை விட்டு இறங்க மாட்டார். ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவான். மிஞ்சுவது என் வீட்டுக்காரர்.

'நான் இறங்கிக்கிடுதேன்' என்று மூன்றாவது ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதல் தடவை அந்த நிலைமை வந்தபோது அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோழி டப்பாவை எடுத்தார். ஒற்றைப்படை நிமிர்ந்தால் இறங்குவது, இரட்டைப்படை நிமிர்ந்தால் போவது. குலுக்கிப் போட்டார். நாலு நிமிர்ந்தது. படகு போயிற்று. என் குன்றிமணிகளை அள்ளி டப்பாவில் போட்டார்கள்.

ஆட்டம்தானே என்று நானும் இருந்தேன். இரண்டாம் தடவையும் டப்பாவை எடுத்தார், மூன்றாம் தடவையும் எடுத்தார். ஒரு தடவை ஒற்றை விழுந்து நான் பிழைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் வந்தது. என்னைக் காப்பாற்றியது சோழி. அவர் பேசாமல் இருந்தார். அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். "என்ன ஏளா, விளையாட்டுக்குப் போய்..." என்று பின்னால் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றுக்குள் உதை அடிவயிற்றில் விழுந்தது. குழந்தை இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம்.

மழை நிற்கவில்லை. ஆட்டமும் நிற்கவில்லை. நாளாக ஆக அது மேசையை விட்டு இறங்கி வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்தது. குளிக்கப் போகிறவர் 'மேரா பாரி' என்று ஆபரேட்டர் மாதிரியே சொல்லிவிட்டுப் போவார். சாப்பிட உட்கார்ந்தால் ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் பேசுவதில்லை. அரிசி தீர்ந்து வருவதைப் பற்றிப் பேசும்போதுகூட அதே வரிசைதான். காண்டிராக்டர், ஆபரேட்டர், என் வீட்டுக்காரர், நான், கம்பவுண்டர். இதை ஒழுங்கு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மழைக்குள் அடைந்து கிடந்த ஐந்து பேர் அடித்துக்கொண்டு சாகாமல் இருந்தது அதனால்தான் என்று காண்டிராக்டர் பெருமையாகச் சொல்வார். இருக்கலாம். எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. யாரோ வந்து மேசையைத் தட்டிவிட மாட்டார்களா என்றிருக்கும்.

ஆடி மாதம் ஒரு காலையில் அடுப்பை மூட்டக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பிலிருந்து தொடைவரை பிடித்து இழுத்தது. கீழே பார்த்தால் ரத்தம். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கம்பவுண்டர் ஓடிவந்து என்னைக் கட்டிலில் படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தார்.

"கால்தாங்க இன்னும்," என்று தட்டிக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னார். "இங்க வெச்சுக்கிட்டு இருந்தா ரெண்டு பேரும் தங்க மாட்டாங்க. இப்பவே கிளம்பணும்."

மழை விட்டிருந்தது. கடல் அடங்கவில்லை, ஆனால் டோங்கி போகலாம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்றுதான் நிபந்தனை. கேம்ப்புக்கும் கடலுக்கும் நடுவே இருந்த நாலாவில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. அது வற்றிவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றத்துக்குச் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டும். படகில் படகுக்காரர்கள் இருவர், படுத்தபடி நான், என்னோடு இன்னும் ஒரே ஒருவர்.

தட்டியின் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதே இடங்களில், அதே வரிசையில். என் இடம் மட்டும் காலி.

"படகை எடுத்துக்கங்கப்பு. டீசல் இருக்கு," என்றார் காண்டிராக்டர். அதோடு நிறுத்திக்கொண்டார். கூரை அதிரப் பேசுகிற மனுஷர் அன்றைக்குத்தான் அவ்வளவு சுருக்கமாகப் பேசினார்.

"வயர்லெஸ் டெட். வண்டூருக்கு நான் சொல்ல முடியாது. அங்க போய் மர லாரி எதையாவது பிடிக்கணும்," என்றான் ஆபரேட்டர். அவன் சிரிக்கவில்லை.

அடுத்தது என் வீட்டுக்காரர். யார் போவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். தான் போனால் வழியில் ஒன்றும் செய்யத் தெரியாது. கம்பவுண்டரை அனுப்பினால் பெண்டாட்டியின் கடைசி மூச்சுக்குக்கூடத் தான் பக்கத்தில் இருக்க முடியாமல் போகலாம். அவர் மனசில் அதுதான் ஓடியிருக்கும். அவர் பேசவில்லை.

மற்ற மூவரும் காத்திருந்தார்கள். இதை இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருத்தி உள்ளே ரத்தம் போகக் கிடக்கிறாள், நாலாவில் தண்ணீர் விரல் விரலாக இறங்குகிறது, மூன்று வளர்ந்த ஆண்கள் வாயை மூடிக்கொண்டு நாலாவது ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாரி. நடுவில் பேசக் கூடாது. இரண்டு மாதத்து மழை அதை அவர்கள் உடம்பிலேயே ஏற்றியிருந்தது. கம்பவுண்டர் ஒரு தடவை வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு கடலைப் பார்த்தார். அவருக்குச் சட்டம் ஒரு சாக்காகவும் இருந்திருக்கும்.

எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அரை மணி என்று படகுக்காரர் பின்னால் சொன்னார். வெளியே அவர் இரண்டு தடவை குரல் கொடுத்தது எனக்குக் கேட்டது.

அப்போது என் வீட்டுக்காரரின் வலது கை மேசையின் மேல் மெதுவாக நகர்ந்தது. மேசை ஓரத்தில் சோழி டப்பா இருந்தது. அவர் அதைத்தான் தேடினார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"பாரியாவது கீரியாவது!" என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், நீங்க ஆட்டம் ஆடுதீங்களா? கம்பவுண்டரண்ணே, நீங்க வாங்க. அவுக இங்கயே இருக்கட்டும்!"

மேசை கவிழ்ந்த சத்தம் கேட்டது. காண்டிராக்டர்தான் எழுந்த வேகத்தில் தட்டிவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். கட்டிலோடு தூக்கினார்கள். நாலாவின் வாய்க்கு அருகே படகு ஒரு முறை சேற்றில் தட்டி நின்றே விட்டது. ஆபரேட்டரும் காண்டிராக்டரும் என் வீட்டுக்காரரும் முழங்காலளவு சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் நகர்ந்திருக்காது. படகு தண்ணீருக்கு வந்தபோது நான் அவரைப் பார்த்தேன். தோள்வரை சேறு. வாய் அசைந்தது. மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கப் பிடிக்கவில்லை.

தாளில் நாலு கட்டமாக இருந்த கடல் மூன்று மணி நேரம் ஆயிற்று. கம்பவுண்டர் என் பக்கத்தில் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அலைக்கும் வாந்தி. ஆனால் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தவர் வண்டூர் வரும்வரை விடவில்லை. கண்ணை மூடியபடி நாடியை எண்ணிக்கொண்டே வந்தார். "நீங்க கண்ணைத் தொறந்துக்கிட்டே இருங்க தங்கச்சி," என்றார். "நான் தொறக்க மாட்டேன். தொறந்தா குதிச்சிருவேன்." அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டூரில் மரம் ஏற்ற வந்த லாரி கிடைத்தது. போர்ட் பிளேர் எல்லையில் டாலிகஞ்ச் கடைகள் தெரிந்தபோது "வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தான்" என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு விளக்கு, வெள்ளைத் துணி, யாரோ இந்தியில் அதட்டியது, அவ்வளவுதான்.

பெண் குழந்தை. கால் முதலில் வந்தது. பிறந்து வெகு நேரம் அழவில்லை. அழுதுவிட்டாள் என்று சொன்ன பிறகும் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் கொண்டுவந்து காதருகே வைத்த பிறகுதான் கேட்டது. பூனைக்குட்டி அளவுதான் இருந்தாள். சுற்றிலும் வெந்நீர்ப் புட்டி வைத்து மூடியிருந்தார்கள்.

சேதி சொல்ல வழியில்லை. அன்று மாலையே கடல் மறுபடி எழும்பிவிட்டது. டோங்கி வண்டூரிலேயே நின்றுவிட்டது. கம்பவுண்டர் தினமும் வயர்லெஸ் ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார். தீவில் பெட்டி செத்துக் கிடக்கிறது. நாங்கள் பிழைத்தோமா செத்தோமா என்று அங்கே தெரியாது. முதல் இரண்டு நாள் 'நல்லா தவிக்கட்டும்' என்று இருந்தேன். மூன்றாம் நாள் அந்தக் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. அந்தப் பாழாய்ப் போன ஆட்டத்தில் ஓரத்தைத் தாண்டியவர் கதை அங்கேயே முடிந்துவிடும். கரையில் நின்றவர் மணிகளை அள்ளி டப்பாவில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு காலையும் எழுந்து பல் துலக்கி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் லாஞ்ச் தீவுக்குப் போய் வந்தது. அன்று பிற்பகல் கம்பவுண்டர் வேகமாக வந்தார். "சர்வேயர் வராந்தாவுல நிக்கிறாருங்க. உள்ள வர மாட்டேங்கிறாரு. கேட்டாலும் பேசலை. நான் என்ன சொல்ல வாரேன்னு கேக்கவும் மாட்டேங்கிறாரு, காதைப் பொத்திக்கிட்டாரு."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்கண்ணே. அது போதும்," என்றேன்.

வந்தார். ஒன்பது நாள் தாடி. வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்த துணிப்பொட்டலத்தைப் பார்த்தார். அது அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கக்கத்தில் மெழுகுத்துணி சுற்றிய ஒரு சுருள் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார்.

பிரித்துப் பார்த்தேன். ஆட்டத் தாள். ஆனால் அதன் கிழக்கு ஓரத்தில் இன்னொரு வெள்ளைத் தாளைக் கஞ்சி போட்டு ஒட்டியிருந்தார். அதிலும் கட்டம் போட்டு, ஞாபகத்திலிருந்தே வண்டூர்க் கரையை வரைந்திருந்தார். அங்கிருந்து ரோடு, ரோட்டில் வளைவுகள், டாலிகஞ்ச், கடைசியில் சதுரமாக ஒரு கட்டடம். கேம்ப்பிலிருந்து கிளம்பி ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி. கடலில் நாலு. வண்டூரில் ஒன்று. டாலிகஞ்சில் ஒன்று. அதே டாலிகஞ்சுக் கட்டத்தில் அதன் மேலேயே இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. தாள் தேய்ந்து ஓட்டையாகும் அளவுக்கு அந்த ஒரே இடத்தில் அழுத்தியிருந்தார். கட்டடத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு கட்டம் நகத்தினேன்," என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏன் டாலிகஞ்சுலயே நிறுத்திட்டீங்க? ஆஸ்பத்திரி அடுத்த கட்டம்தானே?"

"கூரை போட்ட இடம்லா," என்றார். "உள்ள போகணும்னா சோழி போடணும்லா."

நான் அந்த வெறும் கட்டத்தை விரலால் தொட்டேன்.

"போட்டீங்களா?"

"போடல. ஆபரேட்டர் ஒரு தடவ டப்பாவ எடுத்து நீட்டுனான். வாங்கி நாலாவுல எறிஞ்சிட்டேன்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அந்த அரை மணியைப் பற்றி அன்றைக்கு மட்டுமில்லை, அவர் இருந்தவரை எடுக்கவில்லை. முழுசாக மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். தலையணைக்குக் கீழே காய்ச்சல் கணக்கு எழுத நர்ஸ் விட்டுப்போன பென்சில் இருந்தது. அதை எடுத்து, வெறுமையாக இருந்த அந்தக் கட்டடத்துக் கட்டத்துக்குள் நானே இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று பெரிசாக, ஒன்று சின்னதாக.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, யாரையும் கேட்காமல், அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவது புள்ளியை வைத்தார்.